நைஜீரியாவை மூன்றாகப் பங்கிட்டுப் பார்க்காதீர்கள்: பிரிவினை விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நைஜீரியாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் மூன்று பெயர்களோடு முடிந்துவிடும். வடக்கே ஹவுசா-ஃபுலானி, தென்மேற்கே யோருபா, தென்கிழக்கே இக்போ. வடக்கு என்றால் முஸ்லிம், தெற்கு என்றால் கிறிஸ்தவர், நடுவில் ஓர் எண்ணெய்ச் சண்டை. 1967-இல் இக்போக்கள் பயாஃப்ரா என்று தனிநாடு கேட்டார்கள், தோற்றார்கள், இப்போது மறுபடி கேட்கிறார்கள். இவ்வளவுதான் கதை என்று நினைத்துக்கொண்டு யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

500-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாடு அது. இந்த மூன்று பெயர்களுக்கும் வெளியே கோடிக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள். பிரிவினை விவாதத்தில் மிகப் பெரிய விலை கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டு எழுதும்போதுதான் மற்ற தவறுகளும் பின்னாலேயே வருகின்றன.

பயாஃப்ராவும் இக்போ நிலமும் ஒன்றென்று நினைப்பது

இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1967 மே 30 அன்று கிழக்கின் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு அறிவித்த பயாஃப்ரா, அதற்கு முன்பிருந்த கிழக்கு மாகாணம் முழுவதையும் உள்ளடக்கியது. அந்த மாகாண மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இக்போ அல்லாதவர்கள்: எஃபிக், இபிபியோ, இஜா, ஒகோனி, இன்னும் பல சிறு இனங்கள். தங்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்று சுதந்திரத்துக்கு முன்பே இவர்கள் கேட்டு வந்தார்கள். சிறுபான்மையினரின் அச்சங்களை விசாரிக்க பிரிட்டன் அமைத்த வில்லிங்க் ஆணையம் 1958-இல் அறிக்கை தந்தது. அச்சம் உண்மைதான் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் புதிய மாநிலங்களைப் பரிந்துரைக்கவில்லை. அந்த மனக்குறை அப்படியே சுதந்திர நைஜீரியாவுக்குள் வந்து சேர்ந்தது.

ஒஜுக்வு பிரிவினையை அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்பு, மே 27 அன்று, ராணுவ ஆட்சித் தலைவர் கோவன் நாட்டை 12 மாநிலங்களாக மாற்றினார். கிழக்கு மூன்றாகப் பிரிந்தது. இக்போக்களின் மாநிலம் கடலைத் தொடாத உள்நாட்டுப் பகுதியாகிவிட்டது. துறைமுக நகரமான போர்ட் ஹார்கோர்ட் ரிவர்ஸ் மாநிலத்துக்குப் போனது. இக்போக்களுக்கு இது கழுத்தை நெரிக்கும் தந்திரம். இஜாக்களில் பலருக்கோ பல வருடக் கோரிக்கை நிறைவேறிய நாள். இந்த இரண்டு உணர்வுகளில் எதுவும் பொய்யில்லை.

ஐசக் அடாக்கா போரோவின் வாழ்க்கையைப் பாருங்கள். இஜா இளைஞர். 1966 பிப்ரவரி 23 அன்று, அதாவது பயாஃப்ரா அறிவிப்புக்கு ஏறக்குறைய 15 மாதம் முன்பே, நைஜர் டெல்டா குடியரசு என்று தனிநாடு அறிவித்தார். எங்கள் மண்ணின் எண்ணெயை வேறு யாரோ அனுபவிக்கிறார்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அந்தக் கிளர்ச்சி 12 நாட்களில் அடக்கப்பட்டது. தேசத்துரோகம் என்று மரண தண்டனை விதித்தார்கள். பிறகு கோவன் விடுதலை செய்ய, அதே போரோ நைஜீரிய ராணுவத்தில் சேர்ந்து பயாஃப்ராவுக்கு எதிராகப் போரிட்டு 1968-இல் இறந்தார். தனிநாடு கேட்ட ஒருவர் இன்னொரு தனிநாட்டை எதிர்த்துப் போரில் உயிர்விட்டிருக்கிறார். இக்போக்களின் ஆட்சிக்குள் சிறுபான்மையாக இருப்பதைவிடத் தூரத்தில் அன்றைய தலைநகர் லாகோஸில் இருந்த அரசு மேல் என்று அன்று கணக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் கணக்கு பலித்ததா? எழுத்தாளர் கென் சரோ-விவா ஒகோனி இனத்தவர். போரில் அவரும் கூட்டாட்சியின் பக்கமே நின்றார், போனி தீவின் நிர்வாகியாகவும் இருந்தார். பின்னாளில் எண்ணெய்க் கசிவால் ஒகோனி நிலமும் ஆறும் பாழானதை எதிர்த்துப் போராடினார். அவர் முன்னின்ற ஒகோனி உரிமைப் பிரகடனம் 1990-இல் வந்தது. நைஜீரியாவுக்குள்ளேயே தன்னாட்சி என்பதுதான் அதன் கோரிக்கை, தனிநாடு அல்ல. ராணுவ அரசு அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது.

சரி, அப்படியென்றால் சிறுபான்மையினர் எல்லோரும் பயாஃப்ராவுக்கு எதிரி என்று எழுதிவிடலாமா? அதுவும் தவறு. 1970 ஜனவரியில் பயாஃப்ராவின் சரணடைவை அறிவித்த பிலிப் எஃபியாங், ஒஜுக்வுவுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். அவர் இபிபியோ. ஒரே இனத்துக்குள், ஒரே ஊருக்குள், சில வீடுகளுக்குள்ளேயே ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

யார் இக்போ என்று வெளியிலிருந்து முடிவு செய்வது

போர்ட் ஹார்கோர்ட்டைச் சுற்றி வாழும் இக்வேரே மக்களின் மொழியை இக்போ மொழிக் குடும்பத்தில்தான் மொழியியலாளர்கள் சேர்க்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் தாங்கள் தனி இனம் என்கிறார்கள். போருக்குப் பிறகு ஊர்ப்பெயர்களில் முன்னால் இருந்த ‘உமு’ பல இடங்களில் ‘ருமு’ ஆனது. அதே காலத்தில், போரின்போது வெளியேறிய இக்போக்களின் வீடுகளைக் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்று சொல்லி அந்த நகரில் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சொத்துக்காகத்தான் இனத்தையே மாற்றிச் சொல்கிறார்கள் என்று இக்போத் தரப்பில் சொல்வதுண்டு. இக்வேரே தரப்பிலோ, எங்கள் ஊரிலேயே எங்களை இரண்டாம் தரமாக நடத்தினார்கள் என்ற பழைய மனக்காயம் இருக்கிறது. மொழி ஒன்று என்பதற்காக நீங்கள் இவர்கள்தான் என்று இன்னொருவருக்கு அடையாளச் சீட்டு எழுதிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். அவர்கள் தங்களை என்னவென்று சொல்கிறார்களோ அதை எழுதுங்கள். அதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

இதன் மறுபக்கத்தை நைஜர் ஆற்றின் மேற்குக் கரையில் பார்க்கலாம். அங்கே இக்போ பேசும் அனியோமா மக்கள் பயாஃப்ராவின் எல்லைக்குள் வரவே இல்லை, மத்திய-மேற்கு மாகாணத்தில் இருந்தார்கள். 1967 அக்டோபரில் நைஜீரியப் படை அசாபா நகருக்குள் வந்தபோது, ஊர் மக்கள் ஒன்றுபட்ட நைஜீரியாவை வாழ்த்திக்கொண்டே ஊர்வலமாகப் போனார்கள். படையினர் ஆண்களையும் சிறுவர்களையும் தனியே பிரித்து நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். தன்னை எப்படி அழைத்துக்கொள்வது என்பது ஒருவரின் கையில் இருக்கலாம். துப்பாக்கி வைத்திருப்பவன் அதை ஏற்பான் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வடக்கை ஒரே கட்டியாக நினைப்பது

ஹவுசாவும் ஃபுலானியும் வேறு வேறு மக்கள். 1804-இல் உஸ்மான் டான் ஃபோடியோ தொடங்கிய ஜிஹாதில் ஃபுலானித் தலைவர்கள் ஹவுசா அரசுகளைக் கைப்பற்றி சொகோட்டோ கிலாஃபத்தை நிறுவினார்கள். நகரங்களில் இரண்டும் கலந்தன. மாடு மேய்க்கும் ஃபுலானிகளின் உலகமோ இன்றும் வேறு. வடகிழக்கின் கனூரி மக்கள் முஸ்லிம்கள்தான், ஆனால் அவர்களுடைய போர்னோ அரசு சொகோட்டோவிடம் பணியவில்லை. அதே வடக்கு மாகாணத்துக்குள் இருந்த நடுப்பகுதியிலோ திவ், பெரோம் போன்ற, பெரும்பாலும் கிறிஸ்தவரான மக்கள். 1960-இலும் 1964-இலும் வடக்கு மாகாண ஆட்சியை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி செய்தவர்கள் திவ் மக்களே.

பயாஃப்ராவுக்கு எதிரான போரை நடத்திய கோவனே வடக்கைச் சேர்ந்த கிறிஸ்தவர், ங்காஸ் என்ற சிறு இனத்தில் பிறந்தவர். அவருடைய படையில் நடுப்பகுதிச் சிறுபான்மையினர் ஏராளம். எனவே அதை முஸ்லிம்-கிறிஸ்தவர் போர் என்று எழுதினால், அன்றைய பயாஃப்ராப் பிரசாரத்தில் ஒரு பாதியைத்தான் திரும்பச் சொல்கிறோம்.

பிரிவினை இக்போக்களின் பழக்கம் என்று எழுதுவது

நைஜீரியாவில் ஏறக்குறைய எல்லாத் தரப்பும் ஏதோ ஒரு காலத்தில் வெளியேறுவதாகச் சொன்னதுண்டு. 1953-இல் பிரிட்டனிடம் சுயாட்சி கேட்கும் தீர்மானம் வந்தபோது வடக்கின் தலைவர்கள் கிட்டத்தட்டப் பிரிவினைக்குச் சமமான எட்டு அம்சத் திட்டத்தை முன்வைத்தார்கள். லாகோஸ் யாருக்கு என்ற சர்ச்சையில், அரசமைப்பில் பிரிந்துபோகும் உரிமை வேண்டும் என்று யோருபாத் தலைவர் அவோலோவோ கேட்டார். 1966 ஜனவரியில் நடந்த ராணுவக் கவிழ்ப்புக்குப் பதிலடியாக ஜூலையில் எதிர்க் கவிழ்ப்பை நடத்திய வடக்கு அதிகாரிகள் முதலில் பிரிந்துபோகத்தான் நினைத்தார்கள். 1990 ஏப்ரலில் ஒரு கவிழ்ப்பு முயற்சியில் மேஜர் கிடியன் ஒர்க்கார் வானொலியில் பேசி வடக்கின் ஐந்து மாநிலங்களை நாட்டைவிட்டே நீக்குவதாக அறிவித்தார்! அது தோற்றது. இன்று யோருபாக்களிடையேயும் ஒதுதுவா என்று தனிநாடு கேட்கும் குரல்கள் உண்டு.

இதை மறந்துவிட்டால், 1966-இல் என்ன நடந்தது என்பதும் புரியாது. அந்த ஜனவரிக் கவிழ்ப்பில் ஈடுபட்ட அதிகாரிகளில் பெரும்பாலோர் இக்போ. கொல்லப்பட்ட தலைவர்களில் பெரும்பாலோர் வடக்கும் மேற்கும். ஆனால் சதியில் யோருபா அதிகாரியும் இருந்தார், கொல்லப்பட்டவர்களில் இக்போ அதிகாரியும் இருந்தார், கவிழ்ப்பை முறியடித்தவர்களும் இக்போக்களான ராணுவத் தளபதி இரோன்சியும் ஒஜுக்வும்தான். கவிழ்ப்பில் முன்னின்ற ந்சியோக்வு வடக்கிலுள்ள கடுனாவில் பிறந்து சரளமாக ஹவுசா பேசியவர். இது இக்போ கவிழ்ப்பா இல்லையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். நோக்கம் எதுவானாலும், வடக்கில் அது இக்போக்களின் சதி என்றே பரவியது. அந்த நம்பிக்கைக்குப் பலியானவர்கள், கவிழ்ப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கான வியாபாரிகள், ரயில்வே ஊழியர்கள், அவர்களுடைய குடும்பங்கள். வடக்கில் நடந்த அந்தப் படுகொலைகளைச் சொல்லாமல் பயாஃப்ராவை வெறும் பதவி ஆசை என்று எழுதுவது பெரிய அநியாயம். பின்னர் வந்த போரில் இறந்தவர்கள் பத்து லட்சம் முதல் முப்பது லட்சம் வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பெரும்பாலோர் பட்டினியால் இறந்தார்கள்.

இன அடையாளத்தை வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று தள்ளுவது

படித்தவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. காலனிய ஆட்சிக்கு முன் எல்லா யோருபாக்களும் ஒன்றாக இல்லை என்பது உண்மை. 1877-இல் தொடங்கி 16 ஆண்டுகள் இழுத்த கிரிஜி போரில் இபாதானும் எகிதிக் கூட்டணியும் மோதின, இரு பக்கமும் யோருபா பேசுபவர்களே. இக்போக்களுக்குப் பல பகுதிகளில் ஊர்தான் அடையாளமாக இருந்தது. மிஷன் பள்ளி, பைபிள் மொழிபெயர்ப்பு, வெளியூர் வேலை, அங்கே அமைத்த ஊர்ச் சங்கம் எல்லாம் சேர்ந்துதான் பரந்த இக்போ உணர்வு வளர்ந்தது. 1966 அதை இறுக்கிக் கட்டியது. அண்மையில் உருவானது என்பதால் ஓர் அடையாளம் பொய்யாகிவிடாது. அதற்காக வீடு இழந்தவரிடம் போய் அது கற்பனை என்று சொல்ல முடியாது.

எண்களையும் அமைப்புகளையும் அப்படியே நம்புவது

இந்த இனம் இத்தனை சதவீதம் என்று படித்தால் அது மதிப்பீடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1991, 2006 கணக்கெடுப்புகளில் இனமும் கேட்கவில்லை, மதமும் கேட்கவில்லை. அந்தளவு அது அங்கே அரசியல் நெருப்பு.

அதேபோல், பயாஃப்ரா தனிநாடு கேட்கும் ஐபாப் (IPOB) அமைப்பு சொல்வதெல்லாம் இக்போக்களின் கருத்து அல்ல. அதன் தலைவர் ந்னாம்டி கானுவுக்கு 2025 நவம்பரில் அபுஜா நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அதை அநியாயம் என்று நினைக்கும் இக்போக்களிலேயே, அவர் பெயரால் திங்கள்தோறும் திணிக்கப்பட்ட கடையடைப்பில் பிழைப்பை இழந்த ஒனிச்சா, அபா வியாபாரிகளும் உண்டு. ஒஹனேஸே போன்ற இக்போ அமைப்புகள் கேட்பது பெரும்பாலும் மறுசீரமைப்பு, அதாவது மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம். தனிநாடும் அதுவும் ஒன்றல்ல.

நிலச் சண்டை எல்லாம் இனச் சண்டை என்று நினைப்பது

இஃபேயும் மொடகேகேயும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், இருவரும் யோருபா. மொடகேகே மக்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஓயோ அரசு சிதைந்தபோது அகதிகளாக வந்தவர்களின் வழியினர். 1997 முதல் 2000 வரை இவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். கேள்வி ஒன்றுதான்: யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி. இந்தக் கேள்விக்கு நைஜீரியச் சட்டமே எண்ணெய் ஊற்றுகிறது. உள்ளாட்சி அலுவலகம் தரும் பூர்வகுடிச் சான்றிதழ் இல்லாவிட்டால் அரசு வேலை, கல்விச் சலுகை பலதும் கிடையாது. அமைச்சரவையில்கூட ஒவ்வொரு மாநிலத்தின் பூர்வகுடி ஒருவராவது இருக்க வேண்டும் என்று அரசமைப்பு சொல்கிறது. ஜோஸ் நகரில் பல தலைமுறையாக வாழும் ஹவுசாக்கள் இன்னும் வந்தேறிகள்தான். 2001-இலும் 2008-இலும் அங்கே கலவரம் வெடித்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாக்கெடுப்பு நடத்தினால் தீர்ந்துவிடும் என்பது

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எந்தக் கோட்டுக்குள் இருப்பவர்களிடம் வாக்கு வாங்குவது? 1963-இல் மத்திய-மேற்கு மாகாணம் வாக்கெடுப்பால்தான் உருவானது. வாக்களித்தது அந்தப் பகுதி மக்கள் மட்டுமே. மேற்கு மாகாணம் முழுவதிலும் நடத்தியிருந்தால் முடிவு எப்படிப் போயிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பழைய கிழக்கு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணினால் இஜா, இபிபியோ வாக்குகள் மூழ்கிப் போகலாம். மாநிலவாரியாக எண்ணினால் பயாஃப்ரா கடலைத் தொடாமல் போகலாம். வாக்கெடுப்பு கேட்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

வாக்குச் சீட்டில் என்ன அச்சிடுகிறார்கள் என்பதும் முக்கியம். 1961-இல் பிரிட்டனின் பொறுப்பில் இருந்த தெற்கு கேமரூன் மக்களுக்கு நைஜீரியாவா, கேமரூனா என்ற இரண்டு வழிகளே தரப்பட்டன. தனியாக இருப்பது என்ற மூன்றாவது வழி சீட்டில் இல்லை. அவர்கள் கேமரூனைத் தேர்ந்தார்கள், இன்று அங்கே அம்பசோனியா என்று தனிநாடு கேட்டு ஆயுதப் போராட்டம் நடக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பகாசி தீபகற்பத்தில் எஃபிக் மீனவர்கள் வாழ்ந்து வந்தார்கள். 1913-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் போட்ட ஒப்பந்தத்தை முக்கிய ஆதாரமாகக் கொண்டு, பகாசி கேமரூனுக்கே என்று சர்வதேச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. 2008-இல் நைஜீரியா ஒப்படைத்தது. அங்கே வாழ்ந்தவர்களிடம் எந்த வாக்கெடுப்பும் நடத்தவில்லை.