கண்மாய் மட்டி: காக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சிப்பி என்றாலே பேச்சு கடலுக்குப் போய்விடும். முத்துச்சிப்பி, சங்கு, பார் (சிப்பி ஒட்டி வாழும் கடலடிப் பாறைத்திட்டு) என்று பழகிய ஊர்கள். அதனால் கண்மாய்ச் சேற்றில் கிடக்கும் நன்னீர் மட்டியையும் கடல் சிப்பியின் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் வருகின்றன.

கடல் முத்துச்சிப்பியின் குஞ்சு ஏறத்தாழ 3 வாரம் தண்ணீரில் மிதந்து திரிந்து, பிறகு பாரில் ஒட்டிக்கொள்ளும். கண்மாய் மட்டிக்கு வேறு வழி. ஆண் மட்டி தண்ணீரில் விடும் விந்தணுவைப் பெண் மட்டி உள்ளிழுத்து, முட்டைகளைத் தன் செவுளிலேயே சுமக்கும். வெளியே வரும் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது ஒரு மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விக்கொண்டு சில நாட்களாவது இருந்தால்தான் குட்டி மட்டியாக மாறி அடியில் விழும். மீன் அகப்படாத குஞ்சு பிழைக்காது. எல்லா மீனும் அதற்கு ஒத்துவருவதும் இல்லை. நாட்டு மீன்களை ஒழித்துவிட்டு ஜிலேபியையும், தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் கண்மாயில் விட்டால், கிழட்டு மட்டிகள் மட்டும் மிஞ்சக்கூடும். பார்க்க நிறைய இருப்பது போலத் தெரியும். குட்டி ஒன்றுகூட இல்லாமல் போகலாம். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

அடுத்தது கோடை. சித்திரையில் தண்ணீர் வற்றியதும் மட்டி சேற்றுக்குள் இறங்கி, தன் இரு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கும். அடியில் ஈரம் இருக்கும்வரை வாரக்கணக்கில் தாங்கும். வெடித்த தரையைப் பார்த்து எல்லாம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வாய் திறந்து கிடந்து, தொட்டாலும் மூடாததுதான் செத்தது.

அந்த நேரத்தில்தான் வண்டல் அள்ள ஜேசிபி இறங்குகிறது. தூர்வார வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கண்மாய் மேடிட்டால் விவசாயமே இல்லை. ஆனால் மடையை ஒட்டிய ஆழமான பள்ளத்தைக் கடைசிவரை ஈரம் காக்கும் இடமாக விடுங்கள். ஒரே கோடையில் முழுப் பரப்பையும் சுரண்டினால், அடுத்த ஐப்பசி மழையில் எழுந்து வர எதுவும் மிஞ்சாது.

இறால் பண்ணையின் உப்புத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடுவது இன்னொன்று. மட்டி ஓட்டை மூடிக்கொண்டு சில நாள் சமாளிக்கும். உப்பு இறங்காவிட்டால் சாகும். பிழைக்கட்டும் என்று கடல் தண்ணீர் வாளியில் போட்டு வைப்பதும் அதைக் கொல்வதுதான்.

முத்து இருக்குமென்று கண்டதையெல்லாம் பிளக்காதீர்கள். நன்னீர் மட்டியிலும் முத்து விளைவது உண்மை, புவனேஸ்வர் நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முறையே வகுத்திருக்கிறது. அது உள்ளே கரு (முத்து சுற்றி வளர வைக்கும் சிறு மணி) வைத்து மாதக்கணக்கில் வளர்க்கும் வேலை. கண்மாய் மட்டியில் தானாக விளைவது மிக அரிது.

சாக்கடை கலக்கும் கண்மாயில் எடுத்த மட்டியைச் சமைக்கவும் வேண்டாம். தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர் அது. கிருமியும் ஈயம் போன்ற உலோகமும் அதன் சதையில் சேரும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது.

ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்ட சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களும் கண்மாய்கள்தான். அங்கே நத்தைகுத்தி நாரை மட்டியைத் தின்பதைப் பார்த்து விரட்டாதீர்கள், அது அதன் இரை.

கரையில் உயிரோடு ஒன்று கிடந்தால், அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தூக்கிச் செல்லாமல் அதே கண்மாயின் ஆழமில்லாத சேற்றில் படுக்க வையுங்கள். தன் சதைக்காலை நீட்டித் தானே மண்ணுக்குள் இறங்கிக்கொள்ளும்.