‘லேக் அடிக்கிறது’ என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு மேல் நாங்கள் ஐந்து பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆட உட்காருவோம். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் "எனக்கு லேக் அடிக்கிறது" என்பார். உடனே ஆலோசனைகள் குவியும். "டிரைவரை அப்டேட் செய்." "விண்டோஸை மறுபடி போடு." "இன்னொரு ரேம் வாங்கிப் போடு." என் சித்தி மகன் இப்படியொரு பேச்சை நம்பி, சேர்த்துவைத்திருந்த பணத்தில் ரேம் வாங்கிப் போட்டான். தொல்லை அப்படியே இருந்தது, ஏனென்றால் கோளாறு அவன் வீட்டு வைஃபையில் இருந்தது. அந்தப் பணம் வீணாகப் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லேக் என்ற ஒரே சொல்லை நாம் மூன்று கோளாறுகளுக்கு வைத்திருக்கிறோம். இணையம் தாமதிப்பது ஒன்று. கணினி படங்களை வரைந்து முடிக்கத் திணறுவது இன்னொன்று. தேவையான கோப்பு வட்டிலிருந்து வந்துசேராமல் ஆட்டம் ஒரு கணம் உறைந்து நிற்பது மூன்றாவது. எது என்று பிரித்தறியும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

முதல் படி: மவுஸைத் திருப்பிப் பாருங்கள்

தொல்லை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆட்டத்துக்குள் ஓர் இடத்தில் நின்று மவுஸை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்புங்கள். நீங்கள் திரும்பும் காட்சியை வரைவது உங்கள் கணினி. அதற்கு இணையத்தின் தயவு தேவையில்லை. எனவே காட்சி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் எதிராளிகள் மட்டும் தாவித் தாவி வருகிறார்கள், நீங்கள் நடந்த தூரத்திலிருந்து யாரோ பின்னுக்கு இழுத்தது போல் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறீர்கள் என்றால், அது இணையக் கோளாறு. மவுஸைத் திருப்பும்போதே சுவரும் கதவும் வெட்டி வெட்டி நகர்ந்தால், அது கணினிக் கோளாறு. பத்து நொடிச் சோதனைதான். எங்கள் குழுவில் பாதி வழக்குகள் இதிலேயே தீர்ந்துவிடுகின்றன.

இரண்டாம் படி: எண்களைத் திரைக்குக் கொண்டுவாருங்கள்

ஆட்டங்களை வாங்கி இயக்கும் ஸ்டீம் செயலியின் அமைப்புகளில் எஃப்.பி.எஸ், அதாவது கணினி நொடிக்கு எத்தனை படங்கள் வரைகிறது என்பதைக் காட்டும் வசதி இருக்கிறது. பிங் என்பது செய்தி இணையத்தில் போய்த் திரும்ப ஆகும் நேரம். பெரும்பாலான இணைய ஆட்டங்கள் அந்த அளவையும் தாமே காட்டும். இரண்டையும் திரையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. சராசரி 60 என்று காட்டும்போதே இடையில் ஒரு படம் மட்டும் 50 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், கண் அதைத் தடுமாற்றமாக உடனே பிடித்துவிடும். "எஃப்.பி.எஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது" என்று நண்பர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. சராசரி அதை மறைத்துவிடுகிறது.

மூன்றாம் படி: இணையம் என்றால்

முதல் வேலை, லேப்டாப்பை ரவுட்டருடன் கேபிளில் இணைத்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். கேபிளில் தொல்லை மறைந்தால் வைஃபைதான் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 பக்கத்திலேயே இயங்குவதால், சமையலறையில் அது சுற்றும் நேரத்தில் இங்கே பிங் எகிறுவது உண்டு.

கேபிளிலும் தொல்லை தொடர்ந்தால், விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ‘பிங்’ கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். கேபிளில் ஓரிரு மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும். பிறகு இதையே வெளி இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குச் செய்யுங்கள். ரவுட்டர் வரை சீராக இருந்து, வெளியே போகும்போது மட்டும் எண்கள் குதித்தால், வீட்டில் யாருடைய போனாவது படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் போன் சார்ஜில் போட்டவுடன் இந்த வேலையைத் தொடங்கிவிடும். அதுவும் இல்லையென்றால் இணைய நிறுவனத்திடம் புகார் செய்யலாம். குறித்துவைத்த எண்கள் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வர் தொலைவில் இருந்தால் பிங் கூடத்தான் செய்யும். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போய்த் திரும்பவே 29 மில்லி விநாடி ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். புது கிராபிக்ஸ் கார்டு எதுவும் இதைக் குறைக்காது. பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே வழி.

நான்காம் படி: கணினி என்றால், முதலில் வெப்பம்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பங்கு இதுதான். சில்லு 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஆட்டம் முதல் பதினைந்து நிமிடம் அருமையாக ஓடி, பிறகு சரிந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் வெப்பநிலை அங்கேயே தெரியும். பிராசசர் வெப்பநிலைக்கு எச்.டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதை ஓடவிட்டு அரை மணி நேரம் ஆடுங்கள். வெளியே வந்து அதிகபட்ச எண்ணைப் பாருங்கள்.

சித்தி மகனின் தோழன் ஒருவன் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஆடுவான். கடையில் கிராபிக்ஸ் சில்லு போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் பார்த்தபோது பிராசசர் 98 டிகிரியில் இருந்தது. மேசைமேல் வைத்து, பின்பக்கம் இரண்டு பாடப்புத்தகங்களை முட்டுக்கொடுத்ததும் 89க்கு இறங்கியது. அடிப்பலகையைக் கழற்றியபோது உண்மைக் காரணம் தெரிந்தது. விசிறிக்கும் அதன் எதிரே இருக்கும் மெல்லிய செப்புத் தகடுகளுக்கும் நடுவில், பழைய கம்பளியில் வெட்டியெடுத்த துண்டு போல, சாம்பல் நிறத்தில் தூசி படிந்து இறுகியிருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தால் ஒரே பட்டையாக வந்தது. காற்று வெளியேற வழியே இருந்திருக்கவில்லை.

நீங்களே சுத்தம் செய்வதானால்: கணினியை முழுவதுமாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப்பில் உள்ளே திறந்ததும் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிடுங்கள். காற்று ஊதும்போது விசிறியை ஒரு குச்சியால் பிடித்து நிறுத்துங்கள். விசிறி காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் கெட்டுப்போகலாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். சில்லின் வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதை மட்டும், முதல்முறை என்றால், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று: லேப்டாப்பில் சார்ஜர் செருகாமல் ஆடினால் கிராபிக்ஸ் சில்லுக்கு முழு மின்சாரம் கிடைக்காது. வேகம் பாதியாவது கோளாறே அல்ல.

ஐந்தாம் படி: உறைந்து உறைந்து ஓடினால்

வெப்பம் சரி, பிங் சரி, ஆனால் புது இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஆட்டம் ஒரு கணம் நிற்கிறதா? டாஸ்க் மேனேஜரில் வட்டின் பயன்பாட்டு அளவைப் பாருங்கள். 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆட்டம் பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கிறது என்றால் அதை எஸ்.எஸ்.டிக்கு மாற்றுங்கள். நினைவகம், அதாவது ரேம், நிரம்பி வழிந்தால், முதலில் பின்னால் திறந்துகிடக்கும் பிரவுசரை மூடுங்கள். அதற்குப் பிறகும் நிரம்பினால்தான் ரேம் வாங்குவதில் பொருள் இருக்கிறது. முதல் தடவை மட்டும் தடுமாறி, அதே இடத்துக்கு மறுபடி போகும்போது சரியாக ஓடினால் அது ஷேடர், அதாவது காட்சியை வரைய கிராபிக்ஸ் சில்லுக்கு வேண்டிய சிறு நிரல், தயாராகும் நேரம். டிரைவரை மாற்றிய மறுநாளும் இது வரும். விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: இரண்டு சிறு சோதனைகள்

டெஸ்க்டாப்பில் மானிட்டரின் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டிலா? கார்டில்தான் இருக்க வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 படங்கள் காட்டக்கூடியது, வாங்கியவர்கள் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் போய் அது 60இலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

இதற்குப் பிறகும் தீரவில்லையென்றால் நண்பர்களிடம் கேளுங்கள், ஆனால் இந்த மாதிரி எழுதிக் கேளுங்கள்: "16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், சார்ஜரில்தான் ஆடுகிறேன். கேபிள் இணையம், பிங் 35, குதிப்பதில்லை. முதல் இருபது நிமிடம் 110 எஃப்.பி.எஸ், பிறகு 45. மவுஸைத் திருப்பினாலும் வெட்டுகிறது. பிராசசர் 97 டிகிரி. தூசி தட்டி ஒரு வருடம் ஆகிறது." எங்கள் குழுவில் இப்படி ஒருவர் எழுதினால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாங்கள் நான்கு பேரும் அவருடன் உட்கார்ந்துவிடுவோம்.