உரைநடை பழக பிராங்க்ளின் கையாண்ட வழி

பாஸ்டனில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகிய அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், நண்பரைவிடப் பிழையின்றி எழுதினாலும் சொல்நயத்திலும் ஒழுங்கிலும் தெளிவிலும் பின்தங்கியிருப்பதாகத் தந்தை சுட்டிக்காட்டியதால், தமக்குப் பிடித்த ஆங்கில இதழ்க் கட்டுரைகளையே ஆசிரியராகக் கொண்டு தாமாகப் பயின்றார். அதே பயிற்சியை நான் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலைக் கொண்டு செய்தேன். அது ஆனந்த விகடனில் தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சிறியவை. தொடக்கநிலையினர் கையாள ஏற்றவை.

முதலில், பதினைந்து வாக்கியங்களுக்கு மிகாத ஒரு பகுதியை இருமுறை படித்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் குறிப்பாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் தடுமாறிய இடம் இதுதான். என் குறிப்புகளில் ஆசிரியரின் சொற்களே நிறைந்திருந்தன. ஆகவே நான் திரும்ப எழுதியது வெறும் மனப்பாடமாக இருந்தது, இரண்டு வாரங்கள் பயனின்றிக் கழிந்தன. அதன்பின் வாக்கியத்துக்கு இரண்டு சொற்கள் மட்டும், அவற்றிலும் வினைமுற்று ('புறப்பட்டார்' போல வாக்கியத்தை முடிக்கும் வினை) கூடாது என்று வரையறுத்துக்கொண்டேன். 'மழை விட்ட பிறகே அவர் ஊருக்குப் புறப்பட்டார்' என்பது போன்ற வாக்கியத்துக்கு 'மழை, பயணம்' என்ற குறிப்பே போதும்.

குறிப்புகளைச் சில நாள் தொடாமல் வைத்திருந்து, மூலத்தைப் பாராமல் முழுப் பகுதியையும் எழுதிய பிறகு ஒப்பிட வேண்டும். நான் 'மழை விட்டது. அவர் ஊருக்குப் புறப்பட்டார்' என்று இரண்டாக உடைத்திருப்பேன். அவர் காத்திருந்தார் என்பதை உணர்த்திய, 'பிறகே' என்பதிலுள்ள ஏகாரம் அங்கே காணாமற்போயிருக்கும். மூல ஆசிரியர் எங்கே வினையெச்சத்தால் ('வந்து', 'படித்து' போன்ற முடிவுபெறாத வினையால்) தொடுக்கிறார், எங்கே முற்றுவைத்து நிறுத்துகிறார் என்பதைச் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள்; இலக்கண நூல் எதுவும் எனக்கு இவ்வளவு கற்றுத்தரவில்லை.

அடுத்தது ஒழுங்கு. பிராங்க்ளின் குறிப்புகளைக் கலைத்துவிட்டு, சில வாரங்களுக்குப் பின் அவற்றைத் தகுந்த வரிசையில் அமைக்க முயன்றார். இதற்குக் கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிழித்த நாள்காட்டித் தாளின் வெற்றுப் பின்புறத்தில் தாளுக்கொரு குறிப்பாக எழுதித் தரையில் பரப்பினால், எந்தக் கருத்து எதற்கு முன் வர வேண்டும் என்பது கண்ணுக்கே புலப்படும்.

பின்சேர்க்கை: உரைநடையைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மீண்டும் உரைநடையாக்கும் பயிற்சியையும் பிராங்க்ளின் செய்தார். செய்யுள் இலக்கணமான யாப்பு அறியாதவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். அடிக்கு (செய்யுள் வரிக்கு) நான்கு சீர், அதாவது ஏறத்தாழ நான்கு சொல், வைத்து, அடுத்தடுத்த இரண்டு அடிகளில் எதுகை மட்டும் அமைத்துப் பாருங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் சொல்லைத் தேடும்போது, ஒரே பொருளுக்கு நான்கைந்து சொற்களை எடைபோட வேண்டிவரும். சொல்வளம் பெருகும் என்று அவர் நம்பியதும் அந்தத் தேடலினால்தான்.