எஃகு எழுவதைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கேளிக்கைப் பூங்கா தன் அடுத்த ரோலர் கோஸ்டரை முறைப்படி அறிவிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, கூர்ந்து கவனிக்கும் ரசிகர்களுக்குச் செய்தி எட்டிவிடுகிறது. பழைய சவாரி ஒன்று பிரிக்கப்படுகிறது, மரங்கள் வெட்டப்படுகின்றன, நில அளவைக் குச்சிகள் நடப்படுகின்றன, உள்ளூர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் பதிவாகிறது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 2018 அக்டோபரில் ஃபயர்ஹாக் என்ற சவாரி நிறுத்தப்பட்டதுமே, அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஒரையன் என்ற எஃகு ரோலர் கோஸ்டர் அறிவிக்கப்பட்டது 2019 ஆகஸ்டில்தான். அப்படிக் கணக்குப் போடுவதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இருக்கிறது என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஒன்றை உறுதியாகக் காட்டுகிறது. அது காட்டாததையும் சேர்த்துப் படித்துவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதலில் உயரத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதிகம் சண்டை நடப்பது அதைப் பற்றித்தான். அமெரிக்காவில் தரையிலிருந்து 200 அடிக்கு மேல் எழும் கட்டுமானம் எதுவானாலும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும், அந்த அறிவிப்புகளை யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். ரசிகர்களுக்கு இது பெரிய புதையல்தான், ஆனால் அதில் இரண்டு குழிகள் உள்ளன. ஒன்று, அந்த ஆவணத்தில் தரைமட்டத்திலிருந்து அளந்த உயரமும் கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரமும் அருகருகே இருக்கும். ஓஹியோவிலேயே உள்ள சிடார் பாயின்ட் பூங்கா ஈரி ஏரிக் கரையில் நிற்கிறது, அந்த ஏரியின் நீர்மட்டமே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 570 அடி மேலே இருக்கிறது. ஆகவே அங்கே 300 அடிக் கோபுரம் ஒன்றைக் கட்டினால், ஆவணத்தின் ஒரு கட்டத்தில் 870-க்கு மேற்பட்ட ஓர் எண் தெரியும், அதைப் பார்த்து உலக சாதனை வரப்போகிறது என்று அறிவிப்பது எளிது. இரண்டாவது குழி, தற்காலிகமாக நிற்கும் கிரேனுக்கும் அதே விதி பொருந்தும் என்பது. உச்சித் துண்டைத் தூக்கி வைக்க வேண்டிய கிரேன் அந்தத் துண்டைவிட உயரமாகத்தான் இருக்க வேண்டும். எனவே பதிவில் உள்ள எண் சவாரியுடையதா, கிரேனுடையதா என்று பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

சரியான எண் கிடைத்த பிறகும் உயரம் வேறு, இறக்கம் வேறு என்பதை மறப்பவர்கள் உண்டு. ஒரையனின் உயரம் 287 அடி. அதன் முதல் இறக்கம் 300 அடி, ஏனென்றால் தண்டவாளம் ஏறத் தொடங்கும் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தில் போய் இறங்குகிறது. 200 அடியைத் தாண்டியதை ஹைப்பர் என்றும், 300 அடியைத் தாண்டியதைக் கிகா என்றும், 400 அடியைத் தாண்டியதை ஸ்ட்ராட்டா என்றும் ரசிகர்கள் வகைப்படுத்துகிறார்கள். ஒரையன் கிகாவா இல்லையா என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை. இந்தப் பெயர்கள் பொறியியல் தர நிர்ணயங்கள் அல்ல, விளம்பரத்துக்காகப் பிறந்தவை: 1989-ல் 205 அடியில் மேக்னம், 2000-ல் 310 அடியில் மில்லெனியம் ஃபோர்ஸ், 2003-ல் 420 அடியில் டாப் திரில் டிராக்ஸ்டர் என்று சிடார் பாயின்ட் ஒவ்வொரு எல்லையாகத் தாண்டியபோது அவை புழக்கத்துக்கு வந்தன. என் கருத்தில், அந்த வாதத்தில் செலவிடும் நேரத்தை, இறக்கத்தின் அடியில் நிலம் எவ்வளவு தாழ்கிறது என்பதை நில வரைபடத்தில் பார்ப்பதில் செலவிடலாம். சவாரியில் உட்காருபவருக்கு அதுதான் தெரியப் போகிறது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே திட்ட அனுமதிக்கான விண்ணப்பங்கள் உள்ளூராட்சி மன்றத்தில் வரைபடங்களோடு வெளியாகின்றன. தார்ப் பார்க்கில் 2024-ல் திறக்கப்பட்ட, 236 அடி உயர ஹைப்பீரியா அப்படித்தான் முதலில் வெளியே தெரிந்தது. அப்போது அதன் திட்டப் பெயர் எக்சோடஸ். ஆல்டன் டவர்ஸ் பூங்காவோ தன் பெரிய சவாரிகளை ‘ரகசிய ஆயுதம்’ என்று எண்ணிட்டு வைக்கிறது, 2013-ல் வந்த ஸ்மைலர் அதில் ஏழாவது. திட்டப் பெயரைச் சவாரியின் பெயராக நம்புவதும், வரைபடத்தில் பூசிய நிறத்தை இறுதி நிறமாகக் கொள்வதும், பூங்கா பதிவு செய்த வணிகக் குறி ஒவ்வொன்றும் ஒரு சவாரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பதும் ஒரே வகைத் தவறுகள். நிறுவனங்கள் பயன்படுத்தாமல் விடப்போகும் பெயர்களையும் சேர்த்துத்தான் பதிவு செய்து வைக்கின்றன.

பள்ளம் தோண்டத் தொடங்கியதும் ஊகங்களின் அடுத்த அலை எழும். அஸ்திவாரத்தின் அளவை வைத்து அதன் மேல் வரும் தூணின் உயரத்தைச் சொல்ல முயல்வது பலருக்கு வழக்கம். அது பாதிதான் பலிக்கும். ரயில் வேகமாகத் திரும்பும் இடத்தில் பக்கவாட்டு விசை பெரிதாக இருப்பதால், தாழ்வான ஒரு வளைவைத் தாங்கும் அஸ்திவாரம்கூட உயரமான தூணின் அஸ்திவாரத்துக்கு ஈடாகப் பருத்திருக்கலாம். மண் தளர்வாக இருந்தால் அதற்கேற்பவும் அளவு மாறும். நெருக்கமாக நிற்கும் நான்கு அஸ்திவாரங்களைப் பார்த்ததும் அங்கே ஒரு தலைகீழ்ச் சுழல் வருகிறது என்று வரைந்து காட்டுபவர்கள், அந்த இடத்தில் பிரேக் பகுதியோ பராமரிப்புக் கொட்டகையோ வரக்கூடும் என்பதை நினைப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் ஒரு காட்சியை நெருங்கிப் பார்ப்பது நல்லது. கான்கிரீட்டின் மேல் முகத்திலிருந்து தடித்த போல்ட்டுகள் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். தூணின் அடியில் உள்ள இரும்புத் தகடு அந்த போல்ட்டுகளில் இறங்கும், ஆனால் கான்கிரீட்டில் படியாது. கீழே போட்ட நட்டுகளின் மேல் சில அங்குல இடைவெளியோடு நிற்கும். அந்த நட்டுகளைத் திருகித் தூணைச் சரியான மட்டத்துக்கும் நேருக்கும் கொண்டுவந்த பிறகுதான், சுருங்காத சாந்தை அந்த இடைவெளியில் ஊற்றி இறுக்குவார்கள். வேலிக்கு வெளியிலிருந்து எடுத்த படத்தில் இந்த இடைவெளி தெளிவாகத் தெரியும். அதைக் கண்டு, தூண் அந்தரத்தில் நிற்கிறது, வேலை மோசம் என்று பதறுபவர்கள் ஒவ்வொரு கட்டுமானத்திலும் இருக்கிறார்கள். அது பிழையல்ல, முறையே அதுதான்.

தண்டவாளத் துண்டுகள் லாரிகளில் வந்து வாகன நிறுத்துமிடத்தில் அடுக்கப்படும்போது, அவை பொருத்தப்படும் வரிசையில் வருவதில்லை, பொருத்தப்படும் நிலையிலும் கிடப்பதில்லை. பக்கவாட்டில் சாய்ந்தோ கவிழ்ந்தோ கிடக்கும் ஒரு சாதாரண வளைவு, படத்தில் தலைகீழாகச் சுழல்வதுபோலத் தெரியும். தொலைநோக்கு லென்ஸ் தூரத்தைச் சுருக்கிக் காட்டுவதால், மென்மையான ஏற்றமும் செங்குத்தாகத் தோன்றும். இன்னொரு குழப்பம் தொழிற்சாலை முற்றத்திலேயே தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் மொந்தே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாலிகர் அண்ட் மபில்லார்டு நிறுவனம் வடிவமைக்கும் சவாரிகள் பலவற்றின் எஃகு, ஓஹியோவில் பட்டேவியா என்ற சிற்றூரில் உள்ள கிளெர்மான்ட் ஸ்டீல் ஆலையில் உருவாகிறது. அந்த முற்றத்தில் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சவாரிகளின் துண்டுகள் கிடக்கலாம். அங்கே தெரியும் நீல நிறத் தண்டவாளம் தனக்குப் பிடித்த பூங்காவுக்குத்தான் போகிறது என்று உறுதியாகச் சொல்பவரிடம், துண்டில் எழுதிய எண்ணைப் படித்தாரா என்று கேளுங்கள். தயாரிப்பாளர் யார் என்பதை மட்டும் தண்டவாளத்தின் குறுக்கு வெட்டு பெரும்பாலும் நம்பகமாகச் சொல்லிவிடும். இரண்டு குழாய்களும் நடுவில் பெட்டி போன்ற முதுகெலும்புமாக இருப்பது ஒரு பாணி, முக்கோணச் சட்டமாகப் பின்னியிருப்பது இன்னொரு பாணி. மரச் சட்டகத்தின் மேல் எஃகுத் தண்டவாளம் ஓடும் ஸ்டீல் வெஞ்சன்ஸ் போன்றவற்றைத் தொலைவிலிருந்து பார்த்து மர ரோலர் கோஸ்டர் என்று சொல்லிவிடுவதும் உண்டு.

உச்சித் துண்டு ஏறியதும் தொழிலாளர்கள் கொடியேற்றிக் கொண்டாடுவார்கள். அன்றைக்கே ரசிகர்களின் நாள்காட்டியில் திறப்பு நாளும் குறிக்கப்பட்டுவிடுகிறது. கூரை போட்டதும் பால் காய்ச்சக் கிளம்புவதைப் போன்றது இது. மின்கம்பிகள், தண்டவாளம் நெடுகிலும் உணரிகள், ஒரு பகுதியில் ஒரு ரயிலுக்கு மேல் நுழைய விடாத பிரேக் அமைப்பு, அவற்றை ஆளும் கட்டுப்பாட்டு நிரல், நிலையம், வரிசைப் பாதை, அவசரப் படிக்கட்டுகள் என்று கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத வேலைகள் அத்தனையும் அதற்குப் பிறகும் பாக்கி இருக்கும்.

அடுத்து வருவது சோதனை ஓட்டம், இங்கேதான் அவசரத் தீர்ப்புகள் அதிகம். முதலில் ரயிலையோ, பயணியின் கைகால் எட்டும் தூரத்தைக் காட்டும் சட்டத்தையோ மெல்ல இழுத்துச் சென்று, ஏதாவது இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நீர் நிரப்பிய பொம்மைகளை இருக்கைகளில் வைத்து ஓட்டுவார்கள். சக்கரங்கள் புதியவை, மசகு இறுகியிருக்கும், ஓஹியோவின் மார்ச் மாதக் குளிர் வேறு. இத்தனையும் சேர்ந்து ரயிலை மந்தமாக்கும் நிலையில், ஒரு காணொலியைப் பார்த்துவிட்டுச் சவாரிக்கு வேகம் போதாது என்று தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. அடுத்த மேட்டை ஏற முடியாமல் ரயில் இரண்டு மேடுகளுக்கு நடுவே நின்றுவிடுவதும் உண்டு. அதை வெளியே எடுப்பது சிரமமான வேலைதான், ஆனால் சோதனைக் காலத்தில் அது விபத்தல்ல, வடிவமைப்பாளர்களுக்கு ஒரு தகவல். டாப் திரில் டிராக்ஸ்டரில் பயணிகள் அமர்ந்திருக்கும்போதே ரயில் 420 அடி உச்சியைத் தாண்டாமல் பின்னோக்கி வழிந்து வந்ததுண்டு. அதை எதிர்பார்த்தே, ரயிலை உந்தி ஏவும் பாதையில் காந்த பிரேக்குகள் வைத்திருந்தார்கள், அந்த அனுபவத்துக்காக ஏங்கியவர்களும் இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு, அது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ரயில் கடக்கும்போது தூண்கள் அசைவதைப் பார்த்துப் பழகிய ரசிகர், எல்லா அசைவும் இயல்பானதே என்று புதியவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். எஃகுத் தூண் சற்று வளைந்து கொடுப்பது வடிவமைப்பிலேயே உள்ளது என்பது மெய். ஆனால் 2023 ஜூன் 30 அன்று, இரு கரோலினா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் கேரோவிண்ட்ஸ் பூங்காவில், 325 அடி உயர ஃபியூரி 325-ன் தூண் ஒன்றில் விரிசலைக் கண்டு சொன்னவர் ஒரு பார்வையாளர். ரயில் வளைவில் கடந்த ஒவ்வொரு முறையும் தூணின் மேற்பகுதி இரண்டாகப் பிரிந்து, இடைவெளியில் வானம் தெரிந்தது. அதே விரிசல் அதற்குச் சில நாட்கள் முன்பு வேறு சிலர் எடுத்த படங்களிலும் பதிந்திருந்தது பின்னர் தெரியவந்தது. பூங்கா சவாரியை மூடியது, வட கரோலினாவின் தொழிலாளர் துறை ஆய்வு செய்தது, தூண் மாற்றப்பட்டு ஆகஸ்டில் மீண்டும் இயக்கம் தொடங்கியது.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியது, எந்தத் தூண், எந்தப் பக்கம், எப்போது என்ற விவரங்களோடு பூங்கா ஊழியரிடமும், தேவைப்பட்டால் மாநில ஆய்வுத் துறையிடமும் உடனே சொல்வது. படத்தைப் பகிர்ந்து, இது விரிசலா என்று நண்பர்களிடம் கேட்டுக் காத்திருப்பது தவறு. விரிசலே என்று தீர்ப்பளிப்பதும் பார்ப்பவரின் வேலையல்ல. எந்தத் துறை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஓஹியோவில் ரோலர் கோஸ்டர்களை ஆய்வு செய்து அனுமதிப்பது வேளாண்மைத் துறை. சந்தைத் திருவிழாக்களின் ராட்டினங்களையும் அதே துறைதான் பார்க்கிறது என்று தெரிந்தால் அவ்வளவு விசித்திரமாகப் படாது.

வேலி தாண்டுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அது அத்துமீறல். ட்ரோன் பறக்கவிடுவதை மட்டும் சிலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். 200 அடி உயரத்தில் சேணம் கட்டிக்கொண்டு, கிரேனில் தொங்கும் பல டன் துண்டின் போல்ட் துளைகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருப்பவரின் கவனம் ஒரு நொடி சிதறுவது எத்தனை ஆபத்தானது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பயணச்சீட்டு. அறிவிக்கப்பட்ட திறப்பு நாளை நம்பி, பணம் திரும்பக் கிடைக்காத விமானச் சீட்டும் விடுதியும் பதிவு செய்வது இந்தப் பொழுதுபோக்கிலேயே விலை உயர்ந்த தவறு. டாப் திரில் டிராக்ஸ்டரை மாற்றியமைத்து உருவான டாப் திரில் 2, 2024 மே மாதத்தில் திறந்த சில நாட்களிலேயே ரயில்களில் செய்ய வேண்டிய மாற்றங்களுக்காக மூடப்பட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஓடாமல் 2025-ல்தான் திரும்பியது. ஹைப்பீரியாவும் அதே மே மாதத்தில் திறப்பை ஒட்டிய நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அந்தப் பூங்காவின் மற்ற சவாரிகளுக்காகவே போகத் தயாராக இருப்பவர் முதல் வாரத்தில் போகலாம். புதியதற்காக மட்டும் போகிறவர், அது சில வாரங்கள் தடையின்றி ஓடிய பிறகு ஆகஸ்டின் பிற்பகுதியில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆனால் அதற்கு முன் பூங்காவின் நாள்காட்டியைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பள்ளிகள் திறந்த பிறகு சிடார் பாயின்ட் போன்ற பூங்காக்கள் வார நாட்களைக் குறைத்துக்கொண்டு, செப்டம்பரில் பெரும்பாலும் வார இறுதிகளில் மட்டுமே இயங்குகின்றன.