இடையில் படும் ரத்தம்: 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடாதீர்கள்

மாதவிலக்கு முடிந்து பத்துப் பதினைந்து நாளில் மறுபடி ரத்தம் பட்டால், நம் வீடுகளில் முதலில் சொல்வது 'உடம்புச் சூடு'. வெந்தயமும் இளநீரும் குடித்தே மாதங்கள் ஓடிவிடுகின்றன. குடிப்பதில் தவறில்லை. காரணம் பார்க்காமல் இருப்பதுதான் தவறு.

கருமுட்டை வெளிவரும் நாட்களில் சிலருக்குச் சொட்டுச் சொட்டாகப் படும். கருத்தடை மாத்திரை தொடங்கிய முதல் 3 மாதங்களிலும், காப்பர்-டி போட்ட புதிதிலும் இப்படி வரலாம். இவை தவிர பாலிப் (கருப்பையிலோ கருப்பைவாயிலோ வளரும் சிறு சதை), ஃபைப்ராய்டு கட்டி, கிருமித்தொற்று, தைராய்டு என்று பல காரணங்கள் உண்டு. பெரும்பாலானவை குணப்படுத்தக்கூடியவை.

'ஆபரேஷன் பண்ணியாச்சு, கர்ப்பமாக வாய்ப்பே இல்லை' என்று யூரின் டெஸ்டைத் தவிர்க்காதீர்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்குக் கர்ப்பம் அரிது. ஆனால் தரித்தால் அது கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம். ரத்தத்தோடு அடிவயிற்றில் ஒரு பக்கம் வலியோ மயக்கமோ தோள்வலியோ இருந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, ரத்தத்தை நிறுத்த மாத்திரை போடுவது இன்னொரு பழக்கம். ரத்தம் நிற்கும், காரணம் மறைந்துகொள்ளும். கோயில் விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போடும் மாத்திரை எடுத்திருந்தால், அதை நிறுத்தியதும் ரத்தம் வருவது இயல்பு. அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது 'ஸ்கேன் நார்மல்' என்ற நிம்மதிதான். வயிற்று ஸ்கேன் கருப்பையையும் சினைப்பையையும் காட்டும். கருப்பைவாயில் தொடக்க நிலையில் உள்ள புற்றுநோய் அதில் பெரும்பாலும் தெரியாது. மருத்துவர் கருவி வைத்து நேரில் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் ஹெச்.பி.வி. பரிசோதனையோ செய்ய வேண்டும். தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் இது கட்டாயம். கூச்சத்தில் பலர் சொல்லாமல் விடுவதும் இதைத்தான். தமிழ்நாட்டில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கருப்பைவாய்ப் பரிசோதனை செய்கிறார்கள்.

நாற்பதுகளில் இருப்பவர்களிடம் 'நிற்கப் போகிற வயசு, அப்படித்தான்' என்பார்கள். மாதவிலக்கு நின்று 12 மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் காட்ட வேண்டும். கருப்பையின் உள்படலத்தில் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்வது முக்கியம்.

ரத்தம் நின்ற பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். பட்டுக்கொண்டிருக்கும்போதும் பரிசோதிக்க முடியும். பட்ட தேதிகள், மாற்றிய நாப்கின் எண்ணிக்கை, சாப்பிடும் மாத்திரைகள் இவற்றைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். திருமணமாகாத பெண் என்றால் அதையும் முதலிலேயே சொல்லலாம், அதற்கேற்ற முறையில் பார்ப்பார்கள்.