படகு இஞ்சினுக்குள் ஒளிந்திருந்த உப்பு

பள்ளிகொண்டா அருகே உள்ள எங்கள் கிணற்றுக்காக, படகிலிருந்து கழற்றிய 2 சிலிண்டர் டீசல் இஞ்சின் ஒன்றைக் காசிமேட்டில் வாங்கி வந்தேன். ஓட்டிக் காட்டியபோது குறையொன்றும் தெரியவில்லை. புதிதாகப் பூசியிருந்த பச்சை பெயின்ட்டைக் கண்டே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் ஓட்டிவிட்டு, இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, காலையில் இஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின் அடிப்போல்ட்டை மெல்லத் தளர்த்தினேன். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கிவிடும் என்பதால், இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் எண்ணெயில் கசிந்திருந்தால் அதுவே முதலில் சொட்டும், அப்படியே சொட்டியது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்திலும் மோர் நிறத்தில் பிசுக்குப் படிந்திருந்தது.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றினால், நான் பழி போட நினைத்திருந்த கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) நன்றாகவே இருந்தது. வேலூரில் ஒரு பட்டறையில், ஹெட்டின் நீர்வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தபோது, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தை ஒட்டிக் குமிழிகள் எழுந்தன. கடல்நீரையே நேரடியாகச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் இஞ்சின் அது. ஆகவே வார்ப்பிரும்பை உப்பு உள்ளிருந்தே அரித்திருந்தது. "வெல்டிங் வைத்தால் நிற்காது சார்" என்று மெக்கானிக் கூறிவிட்டதால், இதே சோதனையில் தேறிய வேறொரு பழைய ஹெட்டையும் புதிய கேஸ்கெட்டையும் பொருத்தினோம். பிளாக்கின் நீர்வழிகளை நன்னீரால் பலமுறை கழுவி, எண்ணெயை இருமுறை மாற்றிய பின்னரே மோர் நிறம் மறைந்தது.