கறிக்கோழித் தீவனத்தில் ஒரு சதவீதப் புரதம் என்ன விலை?

ஒரு தடவை மூட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைவு என்றதும் ஃபினிஷரை (விற்கும் வரை போடும் கடைசிக் கட்டத் தீவனத்தை) மாற்றிவிட்டேன். வியாபாரி வண்டியோடு வந்து நின்ற அன்றைக்குக் கோழி எடை வரவில்லை. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னும் மூன்று நாள் தீவனம் போட்டேன். மிச்சம் பிடித்த காசு அந்த மூன்று நாளிலேயே கரைந்துபோனது. தவிடு மாதிரி எதையோ கலந்துவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மூட்டையில் தைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். புரதம் 18 சதவீதம் என்று அவர்கள் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். சொந்தக் காசில் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்களுக்குத்தான் இது முழுதாகப் பயன்படும். கம்பெனிக்கு வளர்த்துக் கொடுப்பவர்களுக்குத் தீவனத்தைக் கம்பெனியே இறக்கிவிடும்.

1. எந்த வயதுக்கு எவ்வளவு

இந்தியத் தர அளவில் (ஐ.எஸ். 1374) ப்ரீ-ஸ்டார்ட்டருக்கு (குஞ்சின் முதல் தீவனம்) 23, ஸ்டார்ட்டருக்கு (அதற்கு அடுத்தது) 22, ஃபினிஷருக்கு 20 சதவீதம் புரதம். சின்னக் குஞ்சில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அது தின்பதே கொஞ்சம், அதில் மிச்சம் பிடித்தால் பின்னால் எடையில் அடி விழும். கோழி அதிகம் தின்பது ஃபினிஷரைத்தான். காசு நிற்பதும் போவதும் அங்கேதான்.

2. ஒரு சதவீதத்தின் விலை

மக்காச்சோளத்தில் புரதம் சுமார் 9 சதவீதம், நல்ல சோயா புண்ணாக்கில் சுமார் 46. ஒரு கிலோ சோளத்தை எடுத்துவிட்டு ஒரு கிலோ சோயா போட்டால் 370 கிராம் புரதம் கூடும். அப்படியானால் நூறு கிலோ தீவனத்தில் புரதத்தை ஒரு சதவீதம், அதாவது ஒரு கிலோ ஏற்ற, சுமார் 2.7 கிலோவை மாற்ற வேண்டும்.

சோளம் கிலோ 25, சோயா 45 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்). வித்தியாசம் 20 ரூபாய். 2.7-ஐ இருபதால் பெருக்கினால் 54. கிலோ தீவனத்துக்கு 54 பைசா. ஒரு சதவீதப் புரதத்தின் விலை இதுதான்.

3. இரண்டு கலவையை ஒப்பிடுதல்

20 சதவீதக் கலவை: சோளம் 64 கிலோ, சோயா 31, மீதி 5 கிலோவில் எண்ணெய், டி.சி.பி. (சுண்ணாம்பு, பாஸ்பரஸ் சத்து), உப்பு, மெத்தியோனின், லைசின் (இரண்டும் அமினோ அமிலங்கள்), பிரிமிக்ஸ் (வைட்டமின், தாதுக் கலவை). அந்த ஐந்து கிலோவுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் தீவனம் கிலோ 35.95.

18 சதவீதக் கலவை: சோளம் 69.5, சோயா 25.5, மீதி அதே. கிலோ 34.85. 50 கிலோ மூட்டைக்கு 55 ரூபாய் குறைவு. என்னை இழுத்த வித்தியாசமும் ஏறக்குறைய இதுதான்.

4. எத்தனை கிராம் வரை தாங்கும்?

ஒரு கோழி ஃபினிஷர் இரண்டு கிலோ தின்னும் என்றால் 20 சதவீதத் தீவனத்துக்கு 71.90 ரூபாய். அதே காசுக்கு மலிவுத் தீவனம் 2.063 கிலோ கிடைக்கும். ஆக, மலிவுத் தீவனத்தில் அதே எடைக்கு வர 63 கிராம் வரை கூடுதலாகத் தின்றால் நட்டமில்லை. ஒரு கைப்பிடிக்கும் கொஞ்சம்தான் கூட! 100 கிராம் கூடத் தின்றால் கோழிக்கு 1.285 ரூபாய் நட்டம், ஆயிரம் கோழிக்கு 1,285. கூடுதல் நாள் கூலி, கரண்ட், சாவு எல்லாம் தனி.

5. விலை மாறினால் விடையும் மாறும்

2021 ஆகஸ்டில் சோயா புண்ணாக்கு கிலோ 90 ரூபாயைத் தாண்டியது. மரபணு மாற்றச் சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்துகொள்ள மத்திய அரசு அப்போதுதான் அனுமதித்தது. சோயா 90, சோளம் 20 என்று போட்டு மேலே உள்ள கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். இரண்டு கலவைக்கும் கிலோவுக்கு 3.85 ரூபாய் வித்தியாசம் வரும். 63 கிராமாக இருந்த வரம்பு 180 கிராம் ஆகிவிடும். அந்த மாதிரி நேரத்தில் புரதத்தைக் கொஞ்சம் இறக்குவது புத்திசாலித்தனம். "எப்போதும் 20 போடு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரை நான் நம்புவதில்லை.

கூட்டிக்கொண்டே போனாலும் பிரச்சினைதான். உடம்பு ஏற்காத புரதம் யூரிக் அமிலமாக எச்சத்தில் போகும். கோழி தண்ணீர் அதிகம் குடிக்கும், தரையில் பரப்பிய கூளம் ஈரமாகி நெடி ஏறும். காலையில் கொட்டகைக்குள் குனிந்ததும் கண் எரிகிறதா? ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. தண்ணீர் நிப்பிள் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் தீவனத்தின் மேல்தான்.

6. சீட்டை மட்டும் நம்பாதீர்கள்

ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று சொல்வார்கள். யூரியா கலந்தாலும் அந்த எண் ஏறும், கோழிக்கு ஒட்டாது. கோழிக்கு வேண்டியது புரதத்துக்குள் இருக்கும் அமினோ அமிலங்கள், அதிலும் சோளம்-சோயா தீவனத்தில் முதலில் பற்றாக்குறை வருவது மெத்தியோனின். அடுத்தது லைசின், பிறகு திரியோனின். இவற்றைத் தனியாகச் சேர்த்து, செரிக்கும் லைசின் அளவைக் காப்பாற்றினால் மொத்தப் புரதத்தை ஓரளவு குறைத்தாலும் எடை விழாது. தீவனம் விற்பவரிடம் புரதம் எவ்வளவு என்று கேட்பதோடு செரிக்கும் லைசின் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

7. உங்கள் கொட்டகையில் சோதனை

ஒரே நாள் இறங்கிய குஞ்சில் ஐம்பது ஐம்பதாக இரண்டு தடுப்பு. ஃபினிஷர் தொடங்கும் அன்று எடை போடுங்கள், இரண்டு பக்கமும் சராசரி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 20, மறுபக்கம் 18. போட்ட தீவனத்தைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள், நோட்டு தொலைந்துவிடும். விற்கும் நாளில் ஒரே நேரத்தில் எடை போட்டு, தட்டில் மிஞ்சிய தீவனத்தைக் கழித்துவிட்டு, தீவனச் செலவை ஏறிய எடையால் வகுங்கள். செத்த கோழியின் எடையையும் அன்றன்றைக்கே குறித்து வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு நேராக வரும்.